டெல்லியில் கரண்ட் பில்லைக் குறைக்க: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

டெல்லிக்கு வந்து பதினோரு கோடை பார்த்துவிட்டேன். முதல் ஏழு கோடையும் கரண்ட் பில் வந்தால் கட்டிவிட்டு, தூசிப் புயலைத் திட்டுவதுபோல அதையும் திட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். எட்டாவது கோடையில், 2022 ஜூனில், 412 யூனிட்டுக்கு ஒரு பில் வந்தது. அதற்கு முந்தைய மாதம் 396. பதினாறு யூனிட்தான் கூடியிருந்தது, தொகையோ ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கூடியிருந்தது. மீட்டர் பழுது என்று சண்டை போடக் கிளம்பியவன், கிளம்பும் முன் பில்லின் பின்பக்கத்தைப் படித்தேன். மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன், ஆனால் தலைகீழ் வரிசையில். முதலில் ஏ.சி. வாங்கினேன், பிறகு சலுகைத் திட்டம் பற்றித் தெரிந்துகொண்டேன். முதலில் சோலார் ஆளைக் கூப்பிட்டேன், பிறகு பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். நீங்கள் புதிதாக டெல்லிக்கு வந்தவர், அல்லது வந்து பல வருடமாகியும் பில்லைப் படிக்காதவர் என்றால், நான் செய்திருக்க வேண்டிய வரிசை கீழே.

1. உங்கள் வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது?

டெல்லியில் எல்லோருக்கும் ஒரே மின்வாரியம் கிடையாது. தெற்கு, மேற்கு டெல்லிக்கு பி.எஸ்.இ.எஸ். ராஜதானி. கிழக்கு, மத்திய டெல்லிக்கு பி.எஸ்.இ.எஸ். யமுனா. வடக்கு, வடமேற்குப் பக்கம் டாட்டா பவர். புதுடெல்லியின் மையப் பகுதிக்கு என்.டி.எம்.சி. மின்விகிதத்தையும் மானியத்தையும் பொறுத்தவரை இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஏ.சி., ஃபேன் மாற்றும் சலுகைகளை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக, தனித்தனிக் காலத்தில் அறிவிக்கும். ஆர்.கே. புரத்தில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கிடைத்த சலுகை ரோகிணியில் இருக்கும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில்லை.

நொய்டா, காசியாபாத், குருகிராமில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு டெல்லி விகிதமும் கிடையாது, டெல்லி மானியமும் கிடையாது. கோயிலில் சந்திக்கும்போது “எங்களுக்கு பில்லே வராது” என்று யாராவது சொன்னால் உங்கள் வீட்டு உரிமையாளரோடு சண்டைக்குப் போக வேண்டாம். நீங்கள் உத்தரப் பிரதேசத்திலோ ஹரியானாவிலோ இருக்கிறீர்கள். சோலார் பற்றிய 7-ஆம் பகுதியில் மத்திய அரசு மானியம் மட்டும் உங்களுக்கும் பொருந்தும்.

2. பில்லில் நான்கு எண்களைக் கண்டுபிடியுங்கள்

சி.ஏ. எண், அதாவது உங்கள் மின்இணைப்பின் கணக்கு எண். எல்லா விண்ணப்பத்துக்கும் இதுதான் முதல் கேள்வி. போனில் சேமித்து வையுங்கள்.

பில் காலத்தின் நாட்கள். 28 நாளாகவும் இருக்கலாம், 33 நாளாகவும் இருக்கலாம். யூனிட் வரம்புகள் அந்த நாட்களுக்கு ஏற்பக் கூடிக் குறையும். அதனால் இரண்டு பில்லை ஒப்பிடும்போது நாள் கணக்கையும் பாருங்கள்.

யூனிட். வீட்டு விகிதம் முதல் 200 யூனிட்டுக்கு ரூ. 3, அடுத்த 200-க்கு ரூ. 4.50, 401 முதல் 800 வரை ரூ. 6.50, 1200 வரை ரூ. 7, அதற்கு மேல் ரூ. 8. இதற்கு மேல் 8 சதவீதக் கூடுதல் கட்டணம் ஒன்று, ஓய்வூதிய நிதிக்கு 7 சதவீதம் ஒன்று, மின்சார வரி 5 சதவீதம், அப்புறம் நிறுவனம் மின்சாரம் வாங்கும் விலையைப் பொறுத்துப் போடும் பி.பி.ஏ.சி. என்று அடிக்கடி மாறும் ஒன்று. இவை எல்லாம் சேர்ந்து பில்லைக் கணிசமாக உப்ப வைக்கும்.

ஆனால் ஆட்டத்தையே தீர்மானிப்பது மானியம். 200 யூனிட் வரை பில் பூஜ்யம். 201 முதல் 400 வரை பாதித் தொகை, அதிகபட்சம் ரூ. 800 வரை, அரசு கட்டும். 401 ஆனால் மானியம் முழுவதும் போய்விடும். அந்த ஒரு யூனிட்டின் உண்மையான விலை எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய். என் 412 யூனிட் கதை இதுதான். ஆகவே டெல்லியில் “எவ்வளவு குறைக்கலாம்” என்று யோசிப்பதைவிட “எந்த வரம்புக்குக் கீழே இறங்கலாம்” என்று யோசியுங்கள். 700-லிருந்து 600-க்கு இறங்குவதும் 430-லிருந்து 390-க்கு இறங்குவதும் ஒன்றல்ல. இரண்டாவதில்தான் காசு அதிகம்.

இந்த மானியம் தானாக வராது. 2022 அக்டோபர் முதல், வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மட்டும்தான். பில்லில் மானியம் எங்கும் காட்டப்படவில்லை என்றால் முதல் வேலை அதற்கு விண்ணப்பிப்பது.

நான்காவது எண், அனுமதிக்கப்பட்ட லோடும் (ஒரே நேரத்தில் நீங்கள் இழுக்க அனுமதித்த கிலோவாட்) அதன் பக்கத்தில் இருக்கும் எம்.டி.ஐ.யும். அது 4-ஆம் பகுதியில்.

3. காகிதங்களை முதலில் சரி செய்யுங்கள்

நான் மூன்று மாதத்தைத் தொலைத்தது இங்கேதான். வீட்டை வாங்கிப் பல வருடமாகியும் பில் பழைய உரிமையாளர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. “கரண்ட் வருகிறதே, பெயர் எதற்கு” என்று விட்டுவிட்டேன். சோலாருக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பில்லில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி எழுதிய பெயர் என்று மூன்று ஆட்கள் நின்றார்கள்.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து முன்னால் வரும், ஆதாரில் ஒற்றை எழுத்தாகப் பின்னால் வரும், மின்பில்லில் அதையே குடும்பப் பெயராக்கி வைத்திருப்பார்கள். பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும்போது ஆதாரில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, புள்ளி உட்பட, எழுதிக் கொடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு வேண்டியவை: வீட்டுப் பத்திரம், ஆதார், கடைசி பில், பாக்கி இல்லை என்பது. பத்திரம் டெல்லியில் பல வடிவில் வரும். கன்வேயன்ஸ் டீடு (உரிமையை முழுதாக மாற்றித் தரும் பத்திரம்) இருந்தால் வேலை எளிது. பழைய பவர் ஆஃப் அட்டர்னி வீடு என்றால் முழுச் சங்கிலிக் காகிதத்தையும், அதாவது வீடு கைமாறிய ஒவ்வொரு முறையும் எழுதிய காகிதத்தையும், எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு விண்ணப்பித்ததிலிருந்து மூன்று வாரம் ஆனது. பழைய உரிமையாளரின் வைப்புத் தொகை என்ன ஆகும் என்பதை அவரோடு முன்னதாகவே பேசி முடித்துவிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறு வழி. வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வசூலிப்பது முனிர்காவிலும் லக்ஷ்மி நகரிலும் சர்வ சாதாரணம். 2019 முதல் டெல்லியில் வாடகைதாரர் தன் பெயரிலேயே பிரீபெய்ட் மீட்டர் வாங்கலாம். வாடகை ஒப்பந்தமோ வாடகை ரசீதோ போதும், வீட்டுக்காரரின் ஒப்புதல் கடிதம் தேவையில்லை. வைப்புத் தொகை ரூ. 3,000. உங்களுக்கும் அதே வீட்டு விகிதம், அதே மானியம். சட்டத்தில் இவ்வளவு எளிது. நடைமுறையில், ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டு மனக்கசப்பை வாங்கிக்கொள்ள வேண்டாம். வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

4. லோடைப் பாருங்கள்: 5-க்கும் 6-க்கும் நடுவே ரூ. 350

நீங்கள் ஒரு யூனிட் கூட எரிக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் வரும். அது அனுமதிக்கப்பட்ட லோடைப் பொறுத்தது. 2 கிலோவாட் வரை, கிலோவாட்டுக்கு மாதம் ரூ. 20. 2-க்கு மேல் 5 வரை ரூ. 50. 5-க்கு மேல் 15 வரை ரூ. 100. மேலே போனால் மேலும் கூடும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 5 கிலோவாட் என்றால் 5 × 50, ரூ. 250. 6 கிலோவாட் என்றால் 6 × 100, ரூ. 600. ஒரே ஒரு கிலோவாட்டுக்கு மாதம் ரூ. 350, வருடத்துக்கு ரூ. 4,200, மேல்வரிகள் தனி.

நான் 4 கிலோவாட்டில் இருந்தவன். ஒரு குளிர்காலம் முடிந்ததும் லோடு 6 ஆகப்போகிறது என்று நோட்டீஸ் வந்தது. தப்பு என்னுடையதுதான். காலை ஏழு மணிக்கு கீசர், பக்கத்து அறையில் ஹீட்டர், சமையலறையில் இண்டக்‌ஷன், மாவு அரைக்க கிரைண்டர், எல்லாம் ஒன்றாக ஓடும். மீட்டர் மாதத்தின் உச்சத்தைக் குறித்துக்கொள்ளும்; அதுதான் எம்.டி.ஐ. தொடர்ந்து நான்கு மாத எம்.டி.ஐ.யின் சராசரி, அனுமதித்த லோடுக்கு மேல் போனால் லோடை உயர்த்திவிடுவார்கள். ஆச்சரியம் என்னவென்றால் கோடையின் ஏ.சி.யைவிடக் குளிர்கால கீசர்தான் என்னைக் கவிழ்த்தது. ஏ.சி. ஒன்றரை கிலோவாட், கீசர் இரண்டு, ஹீட்டர் இன்னும் இரண்டு.

குறைக்க விண்ணப்பம் போடலாம், இணையத்திலேயே. எனக்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கடந்த 12 மாத எம்.டி.ஐ.யைப் பார்த்துத்தான் குறைப்பார்கள். இன்று ஏ.சி. மாற்றிவிட்டு நாளைக்கு லோடு குறையாது. ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் ஒழுங்காக இருந்து காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் விதி ஒன்றே ஒன்று: கீசர் ஓடும்போது ஹீட்டர் இல்லை. கிரைண்டர் இரவுக்கு மாறியது. அடுத்த மார்ச்சில் விண்ணப்பித்து 5-க்கு வந்தேன்.

5. ஏ.சி.க்கு முன்னால் ஃபேன், ஃபேனுக்கு முன்னால் கூலர்

எல்லோரும் ஏ.சி.யில்தான் தொடங்குகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டை ஒட்டி. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் மாதம் 20 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனுக்கு 80 யூனிட். 430-ல் இருக்கும் வீடு 350-க்கு வந்துவிடும், ஏ.சி.யைத் தொடாமலே. ஒரு ஃபேன் இரண்டரை ஆயிரத்திலிருந்து மூன்றரை ஆயிரம் வரை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததை மலிவு என்று வாங்காதீர்கள். மின்நிறுவனங்களும் அவ்வப்போது ஃபேனுக்குச் சலுகை விடுவார்கள், ஏ.சி. சலுகை இருக்கும் அதே பக்கத்தில் பாருங்கள்.

கூலர் விஷயம் சென்னைக்காரர்களுக்கு நம்பிக்கையே வராது. சென்னையின் புழுக்கத்தில் கூலர் வைத்தால் அறை குளியலறை ஆகிவிடும். டெல்லியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை காற்று அப்பளம் காய்ந்த மாதிரி இருக்கும். அந்தக் காற்றில் இரும்புக் கூலர் 200 வாட் அளவில் ஓடிக்கொண்டே அறையைக் குளிர்த்துவிடும். ஏ.சி.யில் எட்டில் ஒரு பங்கு மின்சாரம். மழை தொடங்கியதும் அதை மூடி வைத்துவிட வேண்டியதுதான். கூலரின் பக்கங்களில் மரச்சீவலுக்குப் பதில் வெட்டிவேர்த் தட்டிகளும் விற்கும், இங்கே கஸ் என்பார்கள். முதல் நாள் தண்ணீர் பட்டதும் வீடு முழுவதும் ஊர்ப் பானைத் தண்ணீர் வாசம்.

மேல் மாடியில் இருப்பவர்கள் மார்ச் கடைசியில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைக் கூரைப் பூச்சோ அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும், பூச்சு சில வருடம் நிற்கும்.

6. பழைய ஏ.சி.யைக் கபாடிக்கு (பழைய சாமான் வாங்குபவருக்கு) போடாதீர்கள்

2023 ஏப்ரலில் கடையில் புது ஏ.சி. வாங்கினேன். பழையதை வீட்டு வாசலில் வந்த கபாடிக்காரர் நாலாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துப் போனார். தராசில் செம்புக் குழாயைத் தனியாக நிறுத்தார், அதைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து, மின்நிறுவனத்தின் ஏ.சி. மாற்றுத் திட்டத்தில் பழையதைக் கொடுத்தால் நட்சத்திர முத்திரை ஏ.சி. பெரிய தள்ளுபடியில் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். கொடுக்கப் பழையது இல்லை.

திட்டத்தின் வரிசை இது. நிறுவனத்தின் தளத்திலோ செயலியிலோ சி.ஏ. எண்ணோடு பதிய வேண்டும். எந்தப் பிராண்டு, எந்த மாடல், என்ன விலை என்று பட்டியல் வரும். தேர்ந்தெடுத்ததும் ஏ.சி. நிறுவனத்தின் ஆள் வந்து பழையது ஓடுகிறதா என்று பார்ப்பார். பெரும்பாலும் ஓடும் நிலையில் இருந்தால்தான் ஏற்பார்கள். தொகை கட்டியதும் புதியதை மாட்டிப் பழையதை எடுத்துப் போவார்கள். காகிதம் என்று பார்த்தால் பாக்கி இல்லாத கடைசி பில்லும் அடையாள அட்டையும்தான். ஒரு சி.ஏ. எண்ணுக்கு இத்தனை ஏ.சி. என்று வரம்பு உண்டு. கையிருப்பு தீர்ந்தால் திட்டமும் நின்றுவிடும்.

கவனிக்க வேண்டிய மூன்று:

“60 சதவீதம் வரை” என்ற தள்ளுபடி எம்.ஆர்.பி.யிலிருந்து. எம்.ஆர்.பி. கொடுத்து யாரும் ஏ.சி. வாங்குவதில்லை. அதே மாடல் கடையிலும் இணையத்திலும் என்ன விலை என்று பார்த்து, பழையதைக் கபாடிக்குப் போட்டால் வரும் தொகையையும் கழித்து ஒப்பிடுங்கள். என் அலுவலக நண்பருக்கு உண்மையான லாபம் ஆறாயிரம் ரூபாய்தான் வந்தது. அதுவும் நல்லதுதான், ஆனால் 60 சதவீதம் அல்ல.

மாட்டும் செலவு தனி. மூன்று மீட்டருக்கு மேல் செம்புக் குழாய், வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர் என்று கூட்டினால் இன்னும் நாலைந்தாயிரம்.

நட்சத்திர முத்திரையில் அதன் செல்லுபடிக் காலம் அச்சாகியிருக்கும். நட்சத்திர அளவுகோல் சில வருடத்துக்கு ஒருமுறை கடுமையாகும், பழைய ஐந்து நட்சத்திரம் புதியதில் நான்காகிவிடும். நட்சத்திரத்தை எண்ணாமல் முத்திரையில் இருக்கும் வருட யூனிட்டைப் பாருங்கள். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ஒன்றரை டன்னில் ஐந்து நட்சத்திரம் 750 யூனிட்டை ஒட்டியும், மூன்று நட்சத்திரம் 950-லிருந்து 1000 வரையும் காட்டும். வருடத்துக்கு இருநூறு யூனிட் வித்தியாசம். ராத்திரி மட்டும் இரண்டு மாதம் போடுகிறவர்களுக்கு மூன்று நட்சத்திரமே போதும் என்பது என் கருத்து, விற்பனையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

7. சோலார்: கடைசியில் செய்தால் சின்னதாகச் செய்யலாம்

மேலே சொன்னவற்றை முடித்த பிறகு எங்கள் வீடு கோடையில் 380 யூனிட்டுக்கு வந்தது. டெல்லியில் மானியம் நிகர யூனிட்டுக்குத்தான், அதாவது நீங்கள் எடுத்ததிலிருந்து சோலார் கொடுத்ததைக் கழித்த மிச்சத்துக்கு. 380 முழுவதையும் சோலாரால் ஈடுகட்ட வேண்டியதில்லை. 200-க்குக் கீழே இறங்கினால் போதும், பில் பூஜ்யம். 2 கிலோவாட் போதுமானதாக இருந்தது. ஒரு கிலோவாட் நாளைக்கு நான்கு யூனிட் அளவில் தரும், இரண்டும் சேர்ந்து மாதம் 220-லிருந்து 240. ஃபேன் மாற்றாமல் நேராக சோலாருக்குப் போயிருந்தால் 3 கிலோவாட் தேவைப்பட்டிருக்கும்.

மொட்டைமாடியில் கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். அதைவிட முக்கியம், அந்த மொட்டைமாடி யாருடையது என்பது. டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய வீடுகளில் பொது. பில்டர் மாடி வீடுகளில் மேல்தளத்துக்காரருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். பத்திரத்தில் படித்துப் பாருங்கள். எங்களுடையது பொது என்பதால் மற்ற வீட்டாரிடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்க வேண்டியிருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி தவிர. அவர் வருடா வருடம் மாங்காய் ஊறுகாய் ஜாடிகளை வெயிலில் வைக்கும் மூலை அது. கடைசியில் பேனலை ஆள் நிற்கும் உயரத்துக்கு உயர்த்துகிறோம், கீழே நீங்கள் ஜாடி வைக்கலாம் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன். உயரமான இரும்புச் சட்டத்துக்குப் பதினெட்டாயிரம் அதிகம். ஊறுகாய் ஒரு ஜாடி எங்களுக்கும் வருகிறது.

வரிசை: மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டமான பி.எம். சூர்ய கர் தளத்தில் மாநிலம், நிறுவனம், சி.ஏ. எண் கொடுத்துப் பதிவு. விண்ணப்பம். 10 கிலோவாட் வரை தனிச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பிறகு தளத்தில் பதிவு செய்த விற்பனையாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம். மாட்டியதும், எடுத்ததையும் கொடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டருக்கு விண்ணப்பம், நிறுவனத்தின் ஆய்வு, மீட்டர் மாற்றம், தொடக்கச் சான்றிதழ். அதற்குப் பிறகுதான் வங்கி விவரமும் ரத்து செய்த காசோலையும் ஏற்ற வேண்டும். எனக்கு விண்ணப்பத்திலிருந்து மீட்டர் வரை இரண்டு மாதம், அதிலிருந்து மானியம் வர ஐந்து வாரம்.

பணம்: மத்திய அரசு மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ. 30,000, மூன்றாவதுக்கு ரூ. 18,000. 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ, ரூ. 78,000-தான் உச்சம். டெல்லி அரசு 2025-ல் 3 கிலோவாட்டுக்குத் தன் பங்காகக் கூடுதலாக ரூ. 30,000 அறிவித்தது, சேர்த்து ரூ. 1,08,000. நான் அதற்கு முந்தைய வருடமே போட்டுவிட்டேன், ஆகவே அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு. இதற்கு மேல், டெல்லி சோலார் கொள்கை 2023-இன்படி உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், 3 கிலோவாட் வரை ரூ. 3, அதற்கு மேல் 10 வரை ரூ. 2, ஐந்து வருடத்துக்கு. எங்கள் இரண்டு கிலோவாட்டுக்கு மாதம் எழுநூறு ரூபாய் அளவில் வருகிறது.

விற்பனையாளர் விஷயத்தில் நான் அடிபட்டேன். முதலில் வந்தவர் “மானியம் போக இவ்வளவு” என்று ஒரு அழகான தொகையைச் சொன்னார். மானியம் உங்கள் கணக்குக்குத்தான் வரும், அதுவும் கடைசியில். முழுத் தொகையும் முதலில் உங்கள் கையிலிருந்தோ கடனிலிருந்தோ போக வேண்டும். அவர் பரிந்துரைத்த பேனல் வெளிநாட்டு செல் வைத்தது. உள்நாட்டில் செய்த செல்லும் பேனலும், டி.சி.ஆர். என்பார்கள், இருந்தால்தான் மானியம். முன்பணம் இருபதாயிரம் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தேன். பன்னிரண்டாயிரம்தான் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தில் டி.சி.ஆர். என்ற சொல், பேனலின் வாட், இன்வெர்ட்டரின் பெயர், ஐந்து வருடப் பராமரிப்பு, இவை எழுத்தில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மொட்டைமாடி இல்லாதவர்கள் சொசைட்டியைக் கேளுங்கள். லிஃப்ட், பம்பு, மாடிப்படி விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு வீட்டுச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு ரூ. 18,000 மத்திய மானியம் உண்டு.

போட்ட பிறகு ஒரு வேலை மிச்சம்: தூசி. டெல்லித் தூசிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், விடிகாலையில், பேனல் சூடாகும் முன். மே மாதப் புயல் ஒன்று அடித்தால் மறுநாளே.

8. கடையோ மெஸ்ஸோ வைத்திருந்தால்

விகிதமே வேறு. கடைகளின் லோடைக் கே.வி.ஏ. என்ற அலகில் அளப்பார்கள். 3 கே.வி.ஏ. வரை யூனிட்டுக்கு ரூ. 6, அதற்கு மேல் ரூ. 8.50, நிலைக்கட்டணம் கே.வி.ஏ.வுக்கு மாதம் ரூ. 250. இங்கேயும் அதே பள்ளம்: மூன்றைத் தாண்டினால் எல்லா யூனிட்டும் விலை ஏறும். அளவும் கே.வி.ஏ.ஹெச்.சில், அதாவது பவர் ஃபேக்டர் மோசமாக இருந்தால் வேலைக்கு உதவாத மின்சாரத்துக்கும் காசு. கிரைண்டர் மோட்டார், பழைய ஃப்ரீசர் வைத்திருப்பவர்கள் எலக்ட்ரீசியனிடம் கெபாசிட்டர் போட வேண்டுமா என்று கேளுங்கள், சில ஆயிரத்தில் முடியும்.

லோடு 10 கிலோவாட்டோ அதற்கு மேலோ இருந்தால் நேர விகிதமும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை பிற்பகல் 2 முதல் 5 வரையும், இரவு 10 முதல் 1 வரையும் 20 சதவீதம் கூடுதல். காலை 4 முதல் 10 வரை 20 சதவீதம் குறைவு. எனக்குத் தெரிந்த மெஸ்காரர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். இப்போது காலை நாலரைக்கு அரைக்கிறார். புளிக்க நேரம் போதாது என்று முதல் வாரம் இட்லி கல்லாக வந்தது, பிறகு மறுநாளைக்கான மாவாக மாற்றிக்கொண்டார். ஃப்ரீசரின் கதவு ரப்பரை மாற்றியது தனிக் கதை. நூற்றைம்பது ரூபாய் ரப்பர் அது, பல மாதமாகக் கிழிந்து கிடந்தது.

கடைக்கு பி.எம். சூர்ய கர் மானியம் இல்லை. வீட்டு இணைப்புக்கு மட்டும்தான்.

9. வீடு கட்டிக் கொடுப்பவர்களுக்கு

ஊரிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட் நண்பர்களுக்கு இரண்டு வரி. குடியிருப்புக்கான மின்சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளை மனதில் வைத்து எழுதியது. சுவர் வழி வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது, கூரையின் யு-மதிப்பு (வெப்பத்தைக் கடத்தும் அளவு) 1.2-க்கு மேல் போகக் கூடாது. சென்னை வரைபடத்தை அப்படியே இங்கே இறக்காதீர்கள். திறக்கும் ஜன்னல் பரப்பு சென்னையின் ஈரவெப்பத்துக்குத் தரைப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் வேண்டும். டெல்லி கலப்புத் தட்பவெப்பம், 12.5 போதும். மேற்கு ஜன்னலைப் பெரிதாக்கினால் வாடிக்கையாளர் ஜூனில் போன் செய்வார்.

10. எந்த மாதத்தில் எது

பெயர் மாற்றமும் மானிய விண்ணப்பமும் இன்றைக்கே. லோடு குறைப்பு மார்ச்சில், குளிர்கால எம்.டி.ஐ. கையில் வந்த பிறகு. ஏ.சி. மாற்றுத் திட்டத்துக்கு ஹோலிக்கு முன் பதிந்துவிடுங்கள். மே மாதம் போனால் பட்டியலில் நல்ல மாடல் இருக்காது, மாட்ட ஆள் வர இரண்டு வாரம் ஆகும், அந்த இரண்டு வாரத்தில் வெப்பம் 45-ஐத் தொடும். சோலார் பிப்ரவரியில் தொடங்கினால் மீட்டர் ஏப்ரலில் மாறும். வெட்டிவேர்த் தட்டியை மார்ச்சிலேயே வாங்குங்கள், மே மாதம் விலை இரட்டிப்பு.